வடபெரும்பாக்கம் சந்தன மரம்: ராத்திரி வெட்ட வருகிறவருக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா வணக்கம். சென்னை மாதவரம் பக்கம் வடபெரும்பாக்கத்தில் 40 சென்ட்டில் கீரை போடுகிறேன். கிணற்றோரம் அப்பா வைத்த சந்தன மரம் ஒன்று இருக்கிறது, 18 வயது, நெஞ்சு உயரத்தில் சுற்றளவு இரண்டு அடி. போன வாரம் ஒருவர் வந்து 25,000 ரூபாய் கையில் தருகிறேன், ராவோடு ராவாக வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா? செங்குன்றம் குடோன்களில் கடத்தல் கட்டை பிடிபடுகிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானா? மீதி இடத்திலும் சந்தனம் வைக்கலாமா?

பதில்: தம்பி, கொடுக்காதீர்கள். அந்த ஆள் திரும்ப வந்தால் "வனத்துறையில் சொல்லிவிட்டேன்" என்று சொல்லுங்கள், சொல்வதற்கு முன் நிஜமாகவே சொல்லியும் விடுங்கள்.

சந்தனத்தில் விலை முழுக்க உள்ளே இருக்கும் வைரத்துக்குத்தான், அதாவது வாசனையுள்ள நடுக்கட்டைக்கு, சேகு என்றும் சொல்வார்கள். வெளியே இருக்கும் வெள்ளைக் கட்டையில் வாசனை கிடையாது. வைரம் பிடிக்கவே ஏறத்தாழ பத்து வருடம் ஆகும், நல்ல எடை சேர இருபதுக்கு மேல் போக வேண்டும், அதுவும் மரத்துக்கு மரம் மாறும். உங்கள் மரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. குறைவாகவும் இருக்கலாம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் வைரக் கட்டை கிலோ பல ஆயிரத்துக்குப் போகிற பொருள், பார்க்காமலே 25,000 நீட்டுகிறவர் நஷ்டக் கணக்குப் போட்டு வரவில்லை. அடிமரத்தில் புதிதாகத் துளையோ கொத்திய தழும்போ இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். திருட வருகிறவர்கள் முதலில் அப்படித்தான் வைரத்தைச் சோதிப்பார்கள். தெரிந்த ஒருவர் தோட்டத்தில் அப்படி ஒரு துளையை நானே பார்த்தேன், பூச்சி அரித்தது என்று நினைத்து விட்டுவிட்டார், அடுத்த மாதம் மரம் இல்லை.

இன்னொன்று, ராத்திரி வருகிறவர் ரம்பம் வைத்துத் தரையோடு அறுத்துக்கொண்டு ஓடுவார். எண்ணெய் அதிகம் இருப்பது தூரிலும் வேரிலும். அதனால்தான் முறையாக எடுக்கும்போது சந்தனத்தை வெட்ட மாட்டார்கள், வேரோடு தோண்டித்தான் எடுப்பார்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் பட்டா நிலத்துச் சந்தனம்கூட நம் இஷ்டத்துக்கு இல்லை, அந்தப் பயத்தில்தான் பலர் தானாக முளைத்த கன்றையே பிடுங்கிப் போட்டார்கள். 2002-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது, இப்போது மரம் உங்களுடையது. ஆனால் வெட்டுவதற்கும் எடுத்துப் போவதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கொடுத்தால் வழக்கு வெட்டினவர் மேல் மட்டும் இல்லை, நிலத்துக்காரர் மேலும் வரும். பட்டா நகல், மரத்தின் போட்டோ, சுற்றளவு மூன்றையும் வைத்து மாவட்ட வன அலுவலருக்கு ஒரு மனு கொடுங்கள். வருவாய்ப் பதிவிலும் மரத்தை ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். அலைச்சல்தான், இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும், ஆனாலும் மரம் திருட்டுப் போனால் புகார் கொடுக்கக் கையில் இருக்கிற ஆதாரம் அந்தக் காகிதம்தான்.

செங்குன்றம், மாதவரம் பக்கம் குடோன்களில் பிடிபடுவது பெரும்பாலும் செம்மரம். பெயரில் செஞ்சந்தனம் என்றாலும் வேறு இனம், வாசனை கிடையாது, சிவப்புக் கட்டைக்குத்தான் மதிப்பு. ஆந்திராவின் சேஷாசலம் மலைப் பக்கம் வளர்வது, அங்கிருந்து லாரியில் இங்கே வந்து, வேறு சரக்கு என்று எழுதிய கன்டெய்னரில் ஒளித்துத் துறைமுகம் வழியாக வெளிநாடு அனுப்பப் பார்ப்பார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள், நம் வட மாவட்டங்களிலிருந்து போன கூலிக்காரர்கள். காசு போட்டவன் யாரும் அந்த இருபதில் இல்லை. உங்களிடம் வந்தவரும் அதே மாதிரியான சங்கிலியில் ஒரு கண்ணி, மாட்டினால் முதலில் மாட்டப்போவது நீங்களும் ரம்பம் பிடிக்கிற கூலியும்தான்.

புதிதாக வைப்பது பற்றி: உங்கள் இடத்துக்கு நான் சரி சொல்ல மாட்டேன். சந்தனம் வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. 2023 மிக்ஜாம் புயலில் உங்கள் பக்கம் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். ஏக்கருக்கு இத்தனை கோடி என்று கன்று விற்கிறவர்கள் இந்தத் தண்ணீரையும் சொல்வதில்லை, இருபது வருடக் காவலையும் சொல்வதில்லை. கீரை உங்களுக்கு மாதாமாதம் காசு தருகிறது, அதை அழிக்க வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் மேடான வரப்பில் நாலைந்து கன்று போதும். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டிச் சத்தை எடுக்கிற மரம், தனியாக வைத்தால் மஞ்சளடித்து நின்றுவிடும். ஆரம்பத்தில் கன்றை ஒட்டித் துவரை, அப்புறம் நாலைந்து அடி தள்ளி அகத்தியோ சவுக்கோ வையுங்கள். கிணற்றோர மரம் இத்தனை வருடம் தழைத்தது எதைப் பிடித்துக்கொண்டு என்று பாருங்கள், பக்கத்தில் வேம்போ முருங்கையோ இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள்.