‘ஃபைன்’ என்றால் ‘நல்ல’ மட்டுமா?

பாடசாலையில் ‘நல்ல’ என்று படித்த ‘ஃபைன்’ (fine) என்ற ஆங்கிலச் சொல் மெல்லிய மணலுக்கும் தண்டப்பணத்துக்கும் எப்படிப் பொருந்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவு, எல்லை என்று பொருள்படும் ‘ஃபீனிஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, குறையின்றிச் செய்து முடிக்கப்பட்டது என்ற கருத்திலிருந்து ‘சிறந்த’ என்ற பொருளும், இழைத்து இழைத்து நேர்த்தியாக்கப்பட்டது என்ற கருத்திலிருந்து ‘நுண்ணிய’ என்ற பொருளும் கிளைத்தன. அரிதட்டில் இருமுறை அரித்த மாவும், நாம் ‘நுண்கலை’ என்று பெயர்த்துக்கொண்ட கலைகளும் இந்தச் சொல்லையே பெறுகின்றன. தண்டப்பணம் என்ற பொருளில் ‘ஃபைன்’ பெயர்ச்சொல்; வழக்கைத் தீர்த்து முடிக்கும் பணம் என்பதால் அதற்கும் அதே வேர்.

சிக்கல் பேச்சில்தான் இருக்கிறது. வெள்ளவத்தையில் மாமி வீட்டில் இரண்டாம் கோப்பைத் தேநீரை நீட்டியபோது, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மருமகன் ‘ஐ ஆம் ஃபைன்’ என்றார்; அவர் சொன்னது ‘எனக்குப் போதும்’ என்பதே, ஆனால் மாமியோ சுகம் சொல்கிறார் என்று எண்ணிக் கோப்பையை நிரப்பிவிட்டார். இதையே முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘ஃபைன்’ என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னால், அது பெரும்பாலும் ‘உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்’ என்ற கோபமாகும்.