மில்லுக்குத் தண்ணீர் தேடியவர்

அன்புள்ள ஐயா,

நயாகரா கட்டுரையில், கனடாவில் அந்த அருவியைச் சுற்றிக் கப்பல்கள் போக வெட்டிய வெல்லண்ட் கால்வாயைப் பற்றி எழுதி, வில்லியம் ஹாமில்டன் மெரிட்டை அதன் 'தந்தை' என்று புகழ்ந்திருக்கிறீர்கள். தன் மில்லுக்குத் தண்ணீர் வேண்டுமென்று கால்வாய்த் திட்டம் போட்டவர், சட்டமன்றத்துக்குள் போய் அதற்கே அரசுப் பணம் வாங்கியவர். இதற்குப் பெயர் ஊழல் இல்லையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மில் விஷயம் உண்மைதான். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த 1812 போரில் பிரிட்டன் பக்கம் சண்டையிட்டு, அமெரிக்கர்களிடம் பிடிபட்டுத் திரும்பிய மெரிட், செயின்ட் கேதரின்ஸில் கடை, மாவு மில், உப்புத் தயாரிப்பு என்று எல்லாவற்றிலும் கைவைத்தார். ஓடையில் தண்ணீர் குறைந்தால் மில் நின்றுவிடும். வெல்லண்ட் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர முடியுமா என்று 1818இல் அக்கம்பக்கத்தாரோடு அவரே மட்டம் பார்க்கப் போனார். நடுவிலிருந்த மேட்டை உண்மையான உயரத்தில் ஏறக்குறைய பாதியாகக் கணக்கிட்டார்கள். அந்தத் தப்புக்கணக்கு இல்லையென்றால் யாரும் துணிந்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் மில்லுக்கு ஒரு வாய்க்கால் போதுமே, கப்பல் போகும் கால்வாய் எதற்கு? அமெரிக்கர்கள் ஈரி ஏரியை நியூயார்க்கோடு இணைக்க ஈரி கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்தால் ஏரிக்கரைச் சரக்கெல்லாம் நியூயார்க்குக்குப் போய்விடும் என்ற பயம் அப்பர் கனடா (இன்றைய தெற்கு ஒன்டாரியோ) வியாபாரிகளுக்கு. ஈரி ஏரிக்கும் ஒன்டாரியோ ஏரிக்கும் நீர்மட்டத்தில் சுமார் 100 மீட்டர் வித்தியாசம், குறுக்கே நயாகரா அருவி. 1824இல் கால்வாய்க் கம்பெனி தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், தனியார் பணத்தில் பெரும்பங்கு நியூயார்க்கிலிருந்தே வந்தது. 1828 நவம்பரில் 'டீப் கட்' என்ற ஆழமான வெட்டில் கரை சரிந்தது. அதற்குமேல் ஆழமாக வெட்டமுடியாததால் வெல்லண்ட் ஆற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு, இன்னும் உயரத்திலிருந்த கிராண்ட் ஆற்றில் அணை கட்டித் தனி வாய்க்கால் இழுத்தார்கள். 1829 நவம்பர் 30 அன்று மரத்தாலான 40 பூட்டுகளை (தண்ணீர் நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் அறைகளை) தாண்டி முதல் இரண்டு கப்பல்கள் ஈரி ஏரிக்கரையிலுள்ள அமெரிக்க நகரமான பஃபலோ நோக்கிப் புறப்பட்டன.

இனி பணம். உங்கள் வரிசை மாறியிருக்கிறது. அரசு முதல் கடன் கொடுத்தது 1826இல், மெரிட் சட்டமன்ற உறுப்பினரானது 1832இல். அதன் பிறகும் கேட்டு வாங்கினார் என்பது சரி. 1835இல் சீர்திருத்த அரசியல்வாதியும் பத்திரிகையாளருமான வில்லியம் லயன் மெக்கன்சி கம்பெனி இயக்குநராக உள்ளே போய்க் கணக்கைக் குடைந்தார், அதற்கென்றே ஒரு பத்திரிகை அச்சிட்டார். விசாரித்த குழு, கணக்கெழுதியதில் அலட்சியம் உண்டு, திட்டமிட்ட மோசடி இல்லை என்றது.

நானும் அவரைத் திருடர் என்று சொல்லமாட்டேன். உங்கள் கோபம் போகவேண்டிய இடம் வேறு. மரப் பூட்டுகள் சீக்கிரமே உளுத்தன, கம்பெனியால் சமாளிக்க முடியவில்லை. 1840களின் தொடக்கத்தில் தனியார் பங்குகளை அரசே வாங்கிக்கொண்டு, கல்பூட்டுகளோடு திரும்பக் கட்டியது. முதல் போட்டவர்கள் கைகழுவிக்கொள்ள, அந்தச் செலவு முழுக்க மக்கள் தலையில் விழுந்தது.