பூட்டி வைத்த காடிலாக்: 1976 எல்டொராடோ பற்றிய கேள்வி பதில்

மிச்சிகன் மாநிலத்தில், ஈரப்பதம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு கொட்டகையில் நிற்கும் 1976-ஆம் ஆண்டு காடிலாக் எல்டொராடோ மடிப்புக்கூரைக் காரைப் பத்தாண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதைப் புதிதாக வாங்கிய சேகரிப்பாளர் 4,000 மைல் கூட ஓட்டவில்லை. அதன் படங்களைக் கண்டு நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இயன்றவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இவ்வளவு குறைவாக ஓடிய பழைய வண்டி கிடைப்பது அரிது என்பார்கள். இந்த மாடலில் மட்டும் எப்படி இத்தனை கிடைக்கின்றன?

அமெரிக்காவின் கடைசி மடிப்புக்கூரைக் கார் இதுதான் என்று காடிலாக்கே அறிவித்து விற்றதுதான் காரணம். கார் கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதி வரப்போகிறது, அது வந்தால் துணிக்கூரைக்கு இடமிருக்காது என்ற அச்சம் 1970-களின் தொடக்கத்தில் தொழிலெங்கும் இருந்தது. அத்தகைய விதி மடிப்புக்கூரை வண்டிகளை ஒழித்துவிடக் கூடாது என்று 1972-இலேயே சின்சினாட்டியின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் அதற்குள் ஏர்கண்டிஷனரும் வினைல் கூரையும் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டதால் விற்பனை தானாகவே சரிந்திருந்தது. 1975-இல் 8,950 ஆக இருந்த எல்டொராடோ மடிப்புக்கூரை உற்பத்தி, ‘கடைசி’ என்ற சொல் பரவிய 1976-இல் 14,000 ஆக உயர்ந்தது. வாங்கியவர்களில் பலர் ஓட்ட வாங்கவில்லை. பிற்காலத்தில் விலை ஏறும் என்று தங்கத்தைப் பெட்டகத்தில் வைப்பது போல நிறுத்தி வைத்தார்கள். எல்லோரும் பாதுகாத்த பொருள் அரிய பொருளாகாது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

கேள்வி: என்னுடையது வெள்ளை நிறம். கடைசி 200 வண்டிகளில் ஒன்றாக இருக்குமா?

வெள்ளை நிறம் மட்டும் எதையும் நிரூபிக்காது. தொழிற்சாலையில் இறுதியாகக் கட்டிய அந்த 200 வண்டிகளும் ஒரே அச்சில் வார்த்தவை: வெள்ளை உடல், வெள்ளைக் கூரை, வெள்ளைச் சக்கர மூடிகள், சிவப்பு ஓரத்தையல் இட்ட வெள்ளைத் தோல் இருக்கைகள், சிவப்பு டேஷ்போர்டு, பானட்டின் மேல் சிவப்பும் நீலமுமாக மெல்லிய கோடுகள். இந்தக் கோடுகளை எந்தப் பெயிண்டரும் ஒரே பிற்பகலில் வரைந்துவிடுவார். ஆகவே வண்டியின் அடையாளத் தகட்டையும், அன்றைய விற்பனைக் காகிதங்களையும் ஒப்பிட்ட பிறகே பேச வேண்டும்.

கேள்வி: ஓடோமீட்டர் 3,800 மைல் காட்டுகிறது. நம்பலாமா?

அதில் ஐந்து இலக்கங்களே உள்ளன. 1,03,800 மைல் ஓடிய வண்டியும் அதே எண்ணைத்தான் காட்டும். 2010-உம் அதற்கு முந்தையதுமான மாடல்களுக்கு, விற்பவர் மைல் கணக்கை எழுதித் தர வேண்டிய கூட்டாட்சிக் கடமையும் இப்போது இல்லை. பிரேக் பெடலின் ரப்பர் ஓரத்தைப் பாருங்கள், ஓட்டுநர் இருக்கையின் இடப்பக்க மடிப்பைப் பாருங்கள், அதன்பின் காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு ஒரு டாலர் கூடக் கூடுதலாகத் தராதீர்கள்.

கேள்வி: மாமனாரின் வண்டி இருபது ஆண்டுகளாக நிற்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய பெட்ரோல் டேங்கில் கோந்தாகியிருக்கும். அதை முழுதும் இறக்கி, ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, பிறகு எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஓர் ஆபத்து மிச்சமிருக்கிறது. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுற்றும் சக்கரத்தின் பற்கள் நைலான் பூசியவை. நைலானுக்கு ஓடிய மைல் கணக்கில்லை, ஆண்டுதான் கணக்கு. அது வெடித்து உதிர்ந்தால் துணுக்குகள் ஆயில் பேனில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். நான் பராமரிக்கும் வண்டியில் எஞ்சினின் முன்மூடியைக் கழற்றியபோது இரண்டு பற்கள் பழுப்பேறி விரிசல் விட்டிருந்தன. அன்றே உலோகச் சக்கரம் போட்டோம்.

கேள்வி: ஈயம் கலக்காத பெட்ரோல் எஞ்சினைக் கெடுக்குமா?

கெடுக்காது, இது ஈயமில்லாப் பெட்ரோலுக்காகவே கட்டிய எஞ்சின்.

கேள்வி: 8.2 லிட்டர் எஞ்சின், ஆனால் 190 குதிரைத்திறன்தானா? 1970-இல் இதே எஞ்சின் 400 தந்ததே?

அந்த 400, மின்னாக்கியும் முழுப் புகைக்குழாயும் பூட்டாமல் அளந்த மொத்தக் கணக்கு. 1972 முதல் வண்டியில் இருப்பது போலவே எல்லாம் பூட்டி அளந்தார்கள்; அழுத்த விகிதத்தையும் புகைக் கட்டுப்பாட்டுக்காகக் குறைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து எண்ணைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்தன. முன்சக்கரங்கள் இழுக்கும் இந்த இரண்டேகால் டன் வண்டி பாயாது, மிதக்கும்.

கேள்வி: கடைசி என்று சொல்லி விற்றுவிட்டு 1984-இல் மீண்டும் மடிப்புக்கூரை எல்டொராடோவைக் கொண்டுவந்தார்கள். இது மோசடி இல்லையா?

சில உரிமையாளர்கள் அப்படிக் கருதித்தான் வழக்குத் தொடுத்தார்கள், வெற்றி பெறவில்லை. 1976-இல் சொன்னவர்கள் அன்று நம்பியதைத்தான் சொன்னார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: முந்தைய பதில் நிறுவனத்துக்குப் பரிந்து பேசுகிறது. 11,049 டாலர் கொடுத்தவனின் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியவில்லை.

புரிகிறது, ஐயா. ஆனால் அவருக்குக் கொடுத்த வாக்கு என்ன? ஒரு காரை விற்றார்கள், கார் கிடைத்தது. விலை ஏறும் என்பது வாங்கியவர் தாமே போட்ட கணக்கு. மேலும் 1982-இல் கிரைஸ்லர் லெபாரனும், காடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் பியூக் ரிவியேராவும் மடிப்புக்கூரையுடன் வந்தபோதே ‘கடைசி’ என்ற பெயர் போய்விட்டது.

கேள்வி: அப்படியானால் விளம்பரத்துக்குப் பொறுப்பே கிடையாதா?

உண்டு, இந்த ஒரு புள்ளியில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அச்சத்தைத் தூண்டி 14,000 வண்டி விற்றது அழகல்ல. அழகல்லாதது எல்லாம் மோசடியாகிவிடாது என்பதோடு இதை நிறுத்திக்கொள்கிறேன். இதே பொருளில் வந்த மற்ற ஆறு கேள்விகளுக்கும் இதுவே பதில்.

கேள்வி: என் வண்டிக்கு எவ்வளவு விலை வரும்?

நான்காவது முறையாக வருகிறது. வண்டியைப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன். அன்றைய 11,049 டாலர் பணவீக்கத்தைச் சேர்த்தால் இன்று ஏறக்குறைய 60,000. நன்றாக வைத்திருந்த வண்டிகளில் பலவும் அதை எட்டுவதில்லை.

கேள்வி: இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய என்ன செலவாகும்?

என் துறை அன்று. சுங்கத் தரகரைக் கேளுங்கள்.

கேள்வி: பழைய டயரும் அசல்தானே, அதிலேயே ஓட்டலாமா?

காட்சிக்கு மட்டும்.

கேள்வி: பம்பருக்கும் உடலுக்கும் இடையே உள்ள பகுதி வெடித்திருக்கிறது. விபத்தா?

விபத்தில்லை. அந்த இடைநிரப்பிகள் மென்பிளாஸ்டிக்கால் ஆனவை. நிழலில் நின்றாலும் காலத்தில் காய்ந்துவிடும். எங்கள் வண்டியில் பின்பக்கத்து நிரப்பியைத் துடைக்கையில் கட்டைவிரல் பட்ட இடம் அப்பளம் போல நொறுங்கியது. புதிதாக வார்த்தவை கிடைக்கின்றன. நொறுங்கியதையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறோம்.

கேள்வி: எல்லாப் படத்திலும் கூரை மூடியே இருக்கிறதே. திறந்து ஒரு படம் போடக் கூடாதா?

இந்தக் கூரை உள்நோக்கி மடிவது. ஒரு மோட்டார் இரண்டு கம்பிவடங்கள் வழியாக இரு பக்கத்துப் பற்சக்கரங்களையும் சுற்றுகிறது. ஒரு பக்கம் பிந்தினால் கூரையின் சட்டகம் கோணிப் பல் தேயும். குளிரில் துணியும் விறைத்திருக்கும். மே மாத வெயிலில் அரை நாள் வெளியே நிறுத்தி, இரு பக்கமும் ஆள் நின்று பார்த்துக்கொண்டு இறக்குவோம். அன்று எடுத்து அனுப்புகிறேன்.