காணியை ஈடு வைக்க முன் அந்த அலுமாரியைத் திறந்து பாருங்கள்

அக்கா, போன சனிக்கிழமை நீங்கள் மகளோடு வந்தபோது நான் அரைவாசிதான் பேசினேன். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள், ஊற்றி வைத்த தேத்தண்ணியும் ஆறிப்போனது, "யோசிக்காதேங்கோ, எல்லாம் சரிவரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரவு படுத்துக்கொண்டு யோசித்தால் எனக்கே அது பிடிக்கவில்லை. எதுவும் தானாகச் சரிவராது. அதனால் மிச்சத்தை எழுதுகிறேன். உங்கள் பெயரோ பிள்ளையின் பள்ளிக்கூடமோ இதில் வராது. பிள்ளையின் படிப்புக்குக் காணியை ஈடு வைக்கிற இதே கதையோடு இந்த மாதம் வந்த நாலாவது குடும்பம் நீங்கள், ஆகவே மற்றவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் கணக்கு. ஏ.எல். கணிதப் பிரிவில் இரண்டாம் தடவையும் ஒரு சி, இரண்டு எஸ் (சாதாரண சித்தி). இணைந்த கணிதத்தில் எஸ். கனடாவில் இருக்கிற உங்கள் தம்பி கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் பொறியியல் பட்டத்துக்கு இடம் பார்த்துவிட்டார். நாலு வருடக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து நீங்கள் கொப்பி ஒற்றையில் எழுதிக் கொண்டுவந்த தொகை 45 இலட்சம். தம்பி 15 தருவார். மிச்சம் 30 இலட்சத்துக்கு உரும்பிராயில் இருக்கிற ஆறு பரப்புத் தோட்டக் காணியை ஈடு வைக்கப்போகிறீர்கள். வட்டி 14 வீதம் என்று வையுங்கள். வருடத்துக்கு வட்டி மட்டும் 4 இலட்சத்து 20 ஆயிரம், மாதம் 35,000. முதல் அப்படியே கிடக்கும். அந்தச் செம்மண்ணில் வெங்காயம் போட்டுத்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தோம் என்று சொன்னதும் நீங்கள்தான்.

வேண்டாம் அக்கா. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடன் பட்டுப் படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், தெரியும். ஆனால் இணைந்த கணிதத்தில் இரண்டு தடவை தடுமாறிய பிள்ளையைக் கொண்டுபோய் முதல் இரண்டு வருடமும் கணிதமே கொட்டிக் கிடக்கிற படிப்பில் காணியை ஈடு வைத்துச் சேர்ப்பது சூதாட்டம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை மற்ற நாடுகளும் ஏற்றுக்கொள்கிற ஒப்பந்தம் அது. நீங்கள் பார்த்திருக்கிற பட்டம் அந்த உடன்படிக்கைக்குள் அங்கீகரிக்கப்பட்டதா என்று முகவரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லித் தம்பிக்குச் சொல்லுங்கள். "அதெல்லாம் ஓகே" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தால் அதைப் பதிலாக எடுக்க வேண்டாம்.

பெரியப்பா சொல்கிற மூன்றாம் தடவையும் வேண்டாம். விடிய ஐந்தரைக்கு ரியூசன் கொட்டிலுக்குச் சைக்கிள் மிதித்தது அவள், அவர் இல்லை. டொக்டர், வங்கி, கணக்கியல் பற்றி நான் இங்கே வாய் திறக்கவில்லை. அவற்றைச் சொல்ல ஒழுங்கைக்கு ஒருவர் இருக்கிறார்.

அன்றைக்கு நீங்கள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன நேரம் பிள்ளையிடம் பள்ளிக்கூட ரோபோ கிளப்பைப் பற்றிக் கேட்டேன். அதுவரை "ஓம் சேர்", "இல்லை சேர்" என்று மட்டும் சொன்னவள் கதிரை நுனிக்கு வந்துவிட்டாள். பரீட்சை முடிந்த பிறகும் விடாமல் போய், ஏழாம் தரப் பிள்ளைகளோடு கோடு பார்த்து ஓடும் வண்டி செய்திருக்கிறாள். வண்டியின் அடியில் இரண்டு அகச்சிவப்புச் சென்சர், கண்ணுக்குத் தெரியாத ஒளியை விட்டு அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பவை. வெள்ளைத் தரையில் பட்ட கதிர் திரும்பி வரும், கறுப்பு டேப்பில் பட்டது பெரும்பாலும் வராது, அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு வண்டி கோட்டின்மேல் போகும். காலை எட்டரைக்கு அச்சொட்டாக ஓடிய வண்டி பதினொரு மணிக்குக் கோட்டை விட்டு மேசைக் காலில் போய் முட்டியது. பெடியள் பற்றரி என்றார்கள். ஒருவன் புரோகிராமை அழித்துத் திரும்ப எழுதத் தொடங்கிவிட்டான். இவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது: மண்டபத்து யன்னலால் வெயில் தரைக்கு வந்துவிட்டது, வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது, சென்சருக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகிவிட்டன. ஆனால் சொல்லவில்லை. "வண்டி எந்த இடத்தில வழி மாறுது எண்டு சோக்கால அடையாளம் போடுங்கோ" என்று மட்டும் சொன்னாளாம். ஐந்து தரம் ஓடவிட்டார்கள், ஐந்து அடையாளமும் தரையில் விழுந்த வெயில் சதுரத்துக்குள். ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்க்கக் குனிந்தபோது அவளுடைய நிழல் வண்டியில் விழுந்தது, வண்டி கோட்டைப் பிடித்தது. அதற்குப் பிறகு அவர்களே கறுப்பு மட்டையில் ஒரு பாவாடை வெட்டிச் சென்சரைச் சுற்றி ஒட்டினார்களாம்.

"சொல்லாம இருக்க எவ்வளவு கஷ்டமா இருந்தது தெரியுமோ சேர்" என்றாள்.

நான் இருபத்திரண்டு வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. பிழையைக் கண்டால் வாய் தானாகத் திறந்துவிடும். பத்தொன்பது வயதில் உங்கள் பிள்ளைக்கு வருகிறது. பௌதிகவியலில் அவளுக்கு வந்த எஸ் இதைக் காட்டாது.

நான் சொல்லவருகிற வேலை இதுதான்: ரோபோட்டிக்ஸ் படிப்பிக்கிறதும், விடுமுறைக்கு முகாம் நடத்துகிறதும். சிரிக்க வேண்டாம். நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் அனுப்பிய இருபது அர்டுயினோ கிட் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. அர்டுயினோ என்றால் மோட்டரையும் சென்சரையும் புரோகிராமால் இயக்குகிற சின்ன மின்னணுப் பலகை. மூன்று வருடமாகப் பெட்டியின் ஒட்டுக்கூட உரிக்கப்படவில்லை. பக்கத்தில் திறப்பு விழாப் படம், மாலையோடு. கேட்டால், "படிப்பிக்க ஆள் இல்லை சேர், பிள்ளைகள் உடைச்சுப்போடுங்கள் எண்டு பூட்டி வச்சிருக்கிறம்." சாமான் வந்துவிட்டது, ஆள்தான் வரவில்லை.

இதற்கு எஞ்சினியர் பட்டம் வேண்டும் என்று தம்பி சொல்லுவார். அந்த அர்டுயினோவே 2005இல் இத்தாலியில் ஒரு வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில், மின்னணுவியல் தெரியாத மாணவர்கள் கையாளட்டும் என்று உருவானது. மைக்ரோபிட் என்கிற சின்னப் பலகையை பிபிசி 2016இல் பிரித்தானியாவில் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது. இன்னும் பின்னுக்குப் போனால், கணிதவியலாளர் சீமோர் பாப்பர்ட்டும் கூட்டாளிகளும் 1967இல் பிள்ளைகளுக்காக லோகோ என்கிற புரோகிராம் மொழியைச் செய்தார்கள், பிறகு தரையில் ஊர்ந்து கோடு கீறும் ஒரு இயந்திர ஆமையை அதனால் ஓட்டினார்கள். ஆமை ஏன் வளைந்து போகிறது என்று தெரியாவிட்டால் நீயே ஆமையாகி நடந்து பார் என்பது பாப்பர்ட்டின் வழி. நல்ல முகாமில் இன்றைக்கும் முதல் ஒரு மணித்தியாலம் ரோபோவைத் தொட விடுவதில்லை. ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டு மற்றவர்கள் "முன்னுக்கு மூன்று அடி, வலப்பக்கம் திரும்பு" என்று சொல்லி மாமரத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும். "திரும்பு" என்றால் எவ்வளவு திரும்புவது என்ற சண்டை அங்கேயே தொடங்கிவிடும். அந்தச் சண்டையைத் தமிழில் நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும். யூடியூபில் இருக்கிற பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம், நெடுந்தீவுப் பிள்ளைக்கு அது உதவாது.

முகாம் என்றால் என்ன வேலை என்று சொல்கிறேன், பிறகு நான் மறைத்தேன் என்று சொல்லக்கூடாது. இரண்டு பிள்ளைக்கு ஒரு கிட். ஒருவர் தட்டச்சு, மற்றவர் வயர், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற வேண்டும், இல்லாவிட்டால் பெடியன் எல்லாவற்றையும் பறித்துக்கொள்வான், பெட்டை கொப்பியில் அழகாகத் தலைப்பு எழுதிக்கொண்டிருப்பாள். முதல் நாள் இரவே எல்லா மடிக்கணினிக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும், கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும். லிதியம் பற்றரியை ஆள் இல்லாத அறையில் சார்ஜில் விடக்கூடாது, திறப்புக்கோர்வையோடு ஒரே பைக்குள் போடவும் கூடாது, முனைகள் தொட்டால் நெருப்பு. நெடுந்தீவுக்கு முகாம் கொண்டுபோனால் குறிகாட்டுவானில் படகு ஏற முன் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வயராக எண்ண வேண்டும். மறந்துபோன ஒரு யூஎஸ்பி வயருக்காகக் கடலைத் தாண்டித் திரும்பி வர முடியாது. ஓகஸ்டில் வைப்பதென்றால் நல்லூர்க் கொடியேற்றத் திகதியைப் பார்த்துவிட்டு வையுங்கள், இருபத்தைந்து நாள் திருவிழாவில் தேரும் தீர்த்தமும் வருகிற கிழமையில் எந்தத் தாயும் பிள்ளையை அனுப்ப மாட்டார்.

என்னுடைய அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உதவிக்குப் போன ஒரு முகாமுக்கு நான்தான் பற்றரி வாங்கினேன், அந்தச் சதுரமான ஒன்பது வோல்ட் பற்றரி, பன்னிரண்டு. மோட்டர் சுற்றத் தொடங்கியதும் அர்டுயினோ அணைந்து திரும்பத் தொடங்கும், திரும்ப அணையும். நாற்பது நிமிடம் பிள்ளைகளின் வயரிங்கைக் குறை சொன்னேன். அந்தப் பற்றரியால் மோட்டருக்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாது, இழுத்தவுடன் வோல்ட் விழுந்துவிடும். கண்டுபிடித்தது ஒரு ஒன்பதாம் தரப் பிள்ளை.

சரி, காசு. 24 பிள்ளைகள், ஐந்து நாள், ஆளுக்கு 4,000 ரூபா என்று வையுங்கள், 96,000. மூன்று உதவியாளருக்கு நாளுக்கு 1,500 வீதம் 22,500. வடையும் தேத்தண்ணியும் 28 பேருக்கு, ஆளுக்கு 150 வீதம் ஐந்து நாளுக்கு 21,000. மண்டபம் 10,000. உடைந்த சாமான், பற்றரி, டேப் 12,000. கையில் மிஞ்சுவது 30,500. வருடத்துக்கு மூன்று விடுமுறை. இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, அதை நானே சொல்கிறேன். வருமானம் வருவது பள்ளிக்கூடக் கிளப்புகளில்: பழைய மாணவர் சங்கம் ஒரு பின்னேரத்துக்கு 2,500 கொடுத்தால், நாலு பள்ளிக்கூடம், மாதம் நாலு தரம், 40,000. விடுமுறை மாதத்தில் அதுவும் இல்லை. ஆகவே அடியில் ஒரு நிலையான கால் வேண்டும்.

அந்தக் காலுக்கு இரண்டு வழி பார்க்கிறேன். ஒன்று கோப்பாயில் இருக்கிற தேசிய கல்வியியற் கல்லூரி: மூன்று வருடம், இரண்டு வருடம் உள்ளே, ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் உள்ளகப் பயிற்சி. வர்த்தமானி வரும்போது அவளுடைய இசட் புள்ளிக்கு எந்தப் பாடம் கிடைக்கும் என்று நான் கூட இருந்து பார்க்கிறேன். வீட்டில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பை வைத்திருக்கப் பழகுவாள், கையில் ஆசிரியர் தகைமை இருக்கும். மற்றது திறந்த பல்கலைக்கழகம், யாழ்ப்பாணத்தில் நிலையம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே பொறியியல் தொழில்நுட்பப் பக்கம் மெதுவாகப் போகலாம், தவணை தவணையாகக் கட்டலாம், காணி தப்பும். எனக்குக் கோப்பாய்தான் பிடித்திருக்கிறது. ஆனால் தெரிவு செய்ய வேண்டியது நானும் இல்லை, நீங்களும் இல்லை. அன்றைக்கு ஒன்றரை மணித்தியாலத்தில் "உனக்கு என்ன விருப்பம் பிள்ளை" என்று நீங்கள் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. இதை எழுதினால் நாளைக்கே "ரோபோட்டிக்ஸ் பயிற்றுநர் சான்றிதழ், மூன்று மாதம், இரண்டு இலட்சம்" என்று யாராவது வருவார்கள். ஒரு சதம் கொடுக்க வேண்டாம். ஒரு கம்பனியின் பெட்டியோடு மட்டும் கட்டிப்போடுகிற பயிற்சி அந்தப் பெட்டி நின்றால் நின்றுவிடும். 1998இல் வந்த லெகோ மைண்ட்ஸ்டோர்ம்ஸ் என்கிற ரோபோப் பெட்டியையே 2022 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். அந்தக் காசில் பத்தில் ஒரு பங்குக்குச் சாமான் வாங்கி வீட்டு மேசையில் எரித்துப் பழகட்டும். ஒரு குழுவை யாழ் கீக் சலஞ்ச் என்கிற தொழில்நுட்பப் போட்டியின் இளையோர் பிரிவுக்குக் கொண்டுபோகட்டும், தோற்றாலும் பரவாயில்லை.

முதலில் மூன்று முகாமில் உதவியாளராக நிற்கட்டும். நாலாம் நாள் பின்னேரம் மூன்று மணி, வெக்கை, மின்விசிறி ஒன்று வேலை செய்யாது, ஒரு பிள்ளை அழுகிறது, இன்னொன்று மோட்டரைக் கழற்றிப் பொக்கெற்றுக்குள் வைத்துவிட்டது. அந்த நேரத்திலும் அவளுக்கு இது பிடித்திருந்தால் பார்ப்போம். பிடிக்கவில்லை என்று வந்து சொன்னால் அதையும் கேட்போம், மூன்று கிழமைதான் போயிருக்கும்.

"கலியாணப் பேச்சில் என்ன வேலை எண்டு சொல்றது" என்று கேட்டீர்கள். ரோபோட்டிக்ஸ் படிப்பிக்கிறாள் என்று சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற வீட்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை வங்கிக்குப் போக நேரம் எடுத்திருக்கிறீர்கள். போகாதேங்கோ, காணி உறுதியை வீட்டு அலுமாரியிலேயே விடுங்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையை அனுப்புங்கள், நான் சொன்ன அந்தப் பள்ளிக்கூடத்து அதிபரிடம் கண்ணாடி அலுமாரியின் திறப்பு வாங்கித் தருவதாகப் பேசிவிட்டேன். தம்பி கோபத்தில் எடுத்தால் என் நம்பரைக் கொடுங்கள், அவருடைய இரவு பத்துமணி எனக்குக் காலை, நான் முழித்துத்தான் இருப்பேன்.