கூன் முதுகை கையால அழுத்தி நிமித்தினா மூச்சு சரியாகுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயசு, நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி தான் வேலை. மேல் முதுகு வளைஞ்சு தோள் ரெண்டும் முன்னாடி வந்துடுச்சு, போட்டோல பார்த்தா கூன் விழுந்த மாதிரி தெரியுது. கொஞ்ச மாசமா மூச்சை முழுசா இழுக்க முடியாத மாதிரியே இருக்கு, அடிக்கடி பெருமூச்சு விடுறேன். மேனுவல் தெரபி பண்றவர் ஒருத்தர், 10 சிட்டிங்ல எலும்பை செட் பண்ணி நிமித்திடலாம், நுரையீரல் கெப்பாசிட்டியும் கூடும்னு சொல்றார். போகலாமா? எங்க அம்மாவுக்கு 67 வயசு, அவங்களுக்கும் கூன் அதிகமாகிட்டே வருது, அவங்களையும் கூட்டிட்டுப் போகலாமா?

பதில்: நீங்க போகலாம், ஆனா அவர் சொன்ன காரணத்துக்காகப் போகாதீங்க. அம்மாவை இப்போதைக்கு கூட்டிட்டுப் போக வேண்டாம், அதை கடைசில சொல்றேன்.

முதல்ல, மேல் முதுகுல வளைவு எல்லாருக்குமே உண்டு. சுமாரா 20ல இருந்து 40 டிகிரி வரைக்கும் நார்மல்னு எடுத்துக்குவோம், வயசாக ஆக கொஞ்சம் கூடும். அங்க 12 முள்ளெலும்பு இருக்கு, விலா எலும்பு எல்லாம் பின்னாடி வந்து இதுல தான் சின்னச் சின்ன ஜாயின்ட் போட்டு உட்காந்திருக்கு. மூச்சு இழுக்கும்போது கீழ் விலாவெல்லாம் வாளியோட கைப்பிடி மேல எழும்புற மாதிரி பக்கவாட்டுல தூக்கணும். முதுகு குனிஞ்சே இருந்தா விலாவுக்கு நடுவுல இருக்கிற இடம் முன்பக்கம் சுருங்கிடும், வயிறு மேல நோக்கி அமுங்கும், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற மூச்சுத் தசையான உதரவிதானம் கீழ இறங்க இடம் குறைஞ்சிடும். இப்பவே நல்லா கூனி உட்காந்து ஒரு மூச்சு இழுங்க, அப்புறம் நிமிர்ந்து உட்காந்து இழுங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும். கீழ வழி இல்லேன்னா உடம்பு சும்மா இருக்காது, கழுத்து தசையையும் நெஞ்சுக்கு மேல இருக்கிற தசையையும் வச்சு மூச்சு விட ஆரம்பிக்கும், அதான் சாயங்காலம் ஆனா கழுத்தும் தோளும் இறுகிப் போய் கிடக்குது.

இதைச் சொன்னதும் "அப்போ என் மூச்சுப் பிரச்சனைக்கு கூன் தான் காரணம்"னு முடிவு பண்ணிடாதீங்க. வளைவு ரொம்ப மோசமா போனா தான் நுரையீரல் அளவு நிஜமாவே குறைஞ்சு மூச்சு வாங்கும், லேப்டாப் பார்த்து வந்த கூன் அந்த அளவுக்குப் போறது அபூர்வம். சும்மா உட்காந்திருக்கும்போது மூச்சு முழுசா போகலேன்னு தோணுது, பெருமூச்சும் கொட்டாவியுமா வருது, ஆனா மாடிப்படி ஏறினா ஒண்ணும் தெரியல அப்படின்னா அது பெரும்பாலும் மூச்சு விடுற பழக்கம் மாறிப்போனது, டென்ஷனும் கூட சேர்ந்திருக்கும். மாறா படி ஏறினா இளைக்குது, மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது, கால் வீங்குது, இழுப்புச் சத்தம் கேக்குது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா தெரபிஸ்ட்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு பொது மருத்துவரைப் பாருங்க. ஹீமோகுளோபின், தைராய்டு, ஊதிப் பாக்குற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட், தேவைப்பட்டா இசிஜி, இதெல்லாம் சாதாரண டெஸ்ட் தான். ரத்தசோகையை முதுகுல அழுத்தி சரி பண்ண முடியாது பாருங்க.

அடுத்தது, உங்க கூன் வளைஞ்சு கொடுக்குற கூனா, இறுகின கூனா? தரையில குப்புறப் படுத்து கையை ஊன்றாம நெஞ்சை மட்டும் தூக்குங்க, பக்கவாட்டுல இருந்து யாராவது பாக்கட்டும். வளைவு நல்லா குறையுதுன்னா இது உட்காருற பழக்கத்தால வந்தது, சரி பண்ணலாம். அசையவே இல்ல, நடுவுல மேடு அப்படியே நிக்குதுன்னா எலும்போட வடிவமே மாறியிருக்கலாம், டீன் ஏஜ்ல வர்ற ஷாயர்மன் நோய்ல முள்ளெலும்பு முன்பக்கம் தேஞ்ச மாதிரி ஆப்பு வடிவத்துல வளர்ந்திருக்கும், அதை எந்தக் கையாலயும் மாத்த முடியாது. இன்னொண்ணு, காலையில எழுந்தா அரை மணி நேரத்துக்கு மேல இறுக்கம், நடமாடினா குறையுது, ராத்திரி வலியில முழிப்பு வருது அப்படின்னா முதுகெலும்பு ஜாயின்ட் அழற்சியாகி இறுகிப் போற ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்ங்கிற வாத நோய் இருக்கான்னு பாக்கணும். அந்த நோய் முத்தினா விலா ஜாயின்டே இறுகும், நெஞ்சைச் சுத்தி டேப் வச்சு மூச்சை முழுசா விட்டு அப்புறம் முழுசா இழுத்து அளந்தா 2.5 சென்டிமீட்டர் கூட விரியாது. இளவயசுக்காரங்களுக்கு பொதுவா 5 சென்டிமீட்டர் பக்கத்துல வரும். அந்த மாதிரி இறுகின முதுகுல வேகமா அழுத்தினா எலும்பு உடையவே கூட செய்யலாம்.

சரி, இதெல்லாம் இல்லேன்னு வச்சுக்குவோம். மேனுவல் தெரபில என்ன பண்ணுவாங்க? குப்புறப் படுக்க வச்சு உள்ளங்கையோட அடிப்பகுதியை ஒரு முள்ளெலும்பு மேல வச்சு, நீங்க மூச்சை விடும்போது மெதுவா அழுத்தி விட்டு அழுத்தி விட்டு ஒவ்வொரு லெவலா இறங்குவாங்க. அப்புறம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு கையை தலைக்கு மேல தூக்கி விலா பக்கத்தை நீட்டி விடுவாங்க. காலர் எலும்புக்குக் கீழ, தோள் பக்கமா ஒரு சின்னத் தசை இருக்கும், தொட்டாலே வலிக்கும், அது 3வது விலால இருந்து 5வது விலா வரைக்கும் பிடிச்சுக்கிட்டு தோளை முன்னாடி இழுக்குற தசை, அதை அழுத்தி தளர்த்துவாங்க. கீழ் விலாவுல ரெண்டு கையையும் வச்சு இங்க மூச்சை அனுப்புங்கன்னு பழக்குவாங்க, என்னைக் கேட்டா மொத்தத்துல உருப்படியான பகுதி இது தான்.

முடிச்சு எழுந்தா வலி குறையும், நெஞ்சு விரியிறது கொஞ்சம் கூடும், மூச்சு லேசா இருக்கும், இதெல்லாம் உண்மை தான், பொய்யில்ல. ஆனா எலும்பு எதுவும் விலகியிருக்கல, யாரும் எதையும் செட் பண்ணல. டொக்குன்னு கேக்குற நெட்டிச் சத்தம் ஜாயின்ட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல வாயு பிரியிறதால வர்றது, சத்தம் வரலேன்னா தெரபி வேலை செய்யலேன்னும் அர்த்தம் இல்ல. இதைப் பத்தி வந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் சின்னது, சில வாரம் தான் பார்த்திருக்காங்க, நிறைய இடத்துல உடற்பயிற்சியும் கூடவே கொடுத்திருக்காங்க, அதனால எது கையோட பலன் எது பயிற்சியோட பலன்னு பிரிக்கிறதே கஷ்டம். நுரையீரல் கெப்பாசிட்டி பத்தின வாக்குறுதியை நம்பி போகாதீங்க.

கையால கிடைச்ச தளர்வை பிடிச்சு வைக்கிறது உங்க முதுகுத் தசை தான், அதுக்கு பலம் இல்லேன்னா மறுநாளே பழைய இடத்துக்கு வந்துடும். அதனால நாலஞ்சு சிட்டிங் போங்க, ஒவ்வொரு தடவையும் பயிற்சி கத்துக்கிட்டு வாங்க, பயிற்சியே சொல்லித் தராம வெறுமனே படுக்க வச்சு அழுத்தி அனுப்புறாங்கன்னா இடத்தை மாத்துங்க. வீட்டுல செய்ய, நாற்காலி சாய்மானத்தோட மேல் விளிம்பு தோள்பட்டை எலும்புக்கு நடுவுல படுற மாதிரி உட்காந்து கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா பின்னாடி சாயுங்க, 10 தடவை. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கி 5 செகண்ட் நிறுத்துறது, அதுவும் 10 தடவை. மல்லாக்கப் படுத்து கீழ் விலா மேல கை வச்சு, மூக்கு வழியா இழுத்து ரெட்டிப்பு நேரம் எடுத்து விடுறது 5 நிமிஷம், பெருமூச்சு வரும்போதெல்லாம் அதை அடக்கி இப்படி நாலு மூச்சு விட்டுப் பாருங்க. ஸ்க்ரீன் கண் மட்டத்துக்கு வரணும், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்கணும், இது நீங்களே கேட்டுக் கேட்டு சலிச்சிருப்பீங்க. ரெண்டு மாசம் கழிச்சு டேப் வச்சு திரும்ப அளந்து பாருங்க.

இப்போ அம்மா. மாதவிடாய் நின்ன பிறகு எலும்பு தேய்மானம் வேகமாகும், அந்த வயசுல கூன் கூடிக்கிட்டே வருதுன்னா முள்ளெலும்பு நசுங்கி உடைஞ்சிருக்கான்னு தான் முதல்ல சந்தேகப்படணும். கீழ விழுந்திருக்கவே வேண்டாம், கனமா ஒண்ணைக் குனிஞ்சு தூக்கினா போதும், நிறைய பேருக்கு வலியே தெரியாது, முதுகுப்பிடின்னு நினைச்சு விட்டுடுவாங்க. இளவயசு உயரத்தை விட 4 சென்டிமீட்டருக்கு மேல குறைஞ்சிருக்காங்களா, சுவத்துல குதிகாலையும் முதுகையும் ஒட்டி நின்னா பின்தலை சுவத்தைத் தொடுதான்னு பாருங்க. தொடலேன்னா, உயரம் குறைஞ்சிருந்தா, மேல் முதுகுக்கு சைடு வியூ எக்ஸ்ரேவும் எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேனும் எடுங்க. ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரையோ ரத்தத்தை இளக்குற மாத்திரையோ சாப்பிடுறாங்கன்னா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. காய்ச்சல், எடை குறையிறது, ராத்திரி வலி, கால் பலமிழந்து போறது, யூரின் கட்டுப்பாடு போறது, இதுல எது இருந்தாலும் ஸ்கேனுக்கு தேதி வாங்கிட்டு காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ரிப்போர்ட் வர்ற வரைக்கும் யாரும் அவங்க முதுகுல ஏறி அழுத்தவோ நெட்டி எடுக்கவோ விடாதீங்க, குனிஞ்சு கால் விரலைத் தொடுற பயிற்சியும் வேண்டாம். எலும்பு தேஞ்சிருக்குன்னு வந்தா அதுக்கு மருந்து இருக்கு, அதை ஆரம்பிச்ச பிறகு உங்களுக்குச் சொன்ன அந்த கீழ் விலா மூச்சுப் பயிற்சியை அவங்களும் செய்யலாம், முதுகுத் தசைக்கான பயிற்சியை மட்டும் பிசியோதெரபிஸ்ட் பக்கத்துல இருந்து பார்த்து ஆரம்பிச்சு வைக்கட்டும்.