போல்ட் இறுக்கமா? உப்புத்தாளை எடுக்கும் முன்

கேள்வி: அண்ணா, நான் டல்லாஸில் இருக்கிறேன். போன மாதம் ஒருவரிடமிருந்து மோசின்-நாகாந்த் 91/30 ரைஃபிள் ஒன்றை 430 டாலருக்கு வாங்கினேன், 1942-இல் இஷெவ்ஸ்கில் செய்தது. ரேஞ்சில் முதல் ஏழெட்டுத் தோட்டா வரைக்கும் ஒன்றும் இல்லை, அப்புறம் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கவே முடியவில்லை, உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தேன். கடையில் கேட்டால் ஆக்ஷன் (போல்ட்டும் அது ஓடும் பகுதியும்) முழுவதையும் மெருகேற்ற 180 டாலர் என்கிறார்கள். உப்புத்தாள் வைத்து நானே வீட்டில் செய்துவிடலாமா, கடையில் கொடுக்கவா, இல்லை விற்றுவிடவா?

பதில்: 180 டாலரைக் கையிலேயே வைத்திருங்கள், உப்புத்தாளையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதல் ஏழெட்டுத் தோட்டாவுக்கு ஒன்றும் இல்லை, சூடேறிய பிறகுதான் சிக்குகிறது என்கிறீர்கள். உலோகம் சொரசொரப்பாக இருப்பதுதான் காரணமென்றால் முதல் தோட்டாவிலிருந்தே இறுகியிருக்கும், தோட்டாவே போடாமல் வீட்டில் இழுத்துப் பார்த்தாலும் அதே இறுக்கம் தெரியும். சூடானால் மட்டும் சிக்குகிறது என்றால் முதல் சந்தேகம் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் இருக்கும் பழைய பிசுக்கின் மேல்தான். இந்த ரைஃபிள்களை இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சோவியத் கிடங்குகளில் காஸ்மோலின் என்ற கெட்டியான கிரீஸைப் பூசிப் பல பத்தாண்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். வெளியே துடைத்தது போதும் என்று நினைத்து விற்றிருப்பார்கள், சேம்பர் சுவரில் அது அரக்கு மாதிரி ஒட்டிக் கிடக்கும், நாலு ரவுண்டு சுட்டதும் இளகி, விரிந்த வெற்றுக் கூட்டைப் பசை போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். எஃகுக் கூட்டின் மேலிருக்கும் லாக்கர் பூச்சுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

எதையும் தொடும் முன் ரைஃபிளைக் காலி செய்து, கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். அப்புறம் காலியாகவே போல்ட்டைத் திறந்து மூடுங்கள். திறக்கும்போது கொஞ்சம் கனமாக இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் மோசினில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங் இறுகி, ஃபயரிங் பின்னோடு (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) சேர்ந்த சுத்தி பின்னால் போகிறது, கைப்பிடியும் குட்டை, தொண்ணூறு டிகிரி தூக்க வேண்டும். எழுபது டிகிரியிலேயே திறக்கிற டிக்கா டி3எக்ஸ் மாதிரி நவீன ரைஃபிளைத் தூக்கிப் பழகியவர்கள் இதைப் பழுது என்று நினைத்து ஏமாறுகிறார்கள், இது பழுதில்லை, வடிவமைப்பே அப்படி. காலியாக இருக்கும்போது ஓரளவு சீராகப் போய், சுட்ட பிறகு மட்டும் சிக்கினால் சேம்பரைத்தான் கவனிக்க வேண்டும்.

சுத்தம் செய்ய 20 கேஜ் ஷாட்கன் வெண்கலப் பிரஷ், கிளீனிங் ராடின் ஒரு துண்டு, மினரல் ஸ்பிரிட்ஸ் (பெயின்ட் கரைப்பான்) இவை போதும், முப்பது டாலர்கூட ஆகாது. ராட் துண்டை டிரில்லில் மாட்டி மெதுவான வேகத்தில், பின்பக்கத்திலிருந்து சேம்பருக்குள் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் சுற்றுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடைசியில் சேம்பர் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் விட்டுவிடாதீர்கள், சேம்பரில் எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காமல் வழுக்கி போல்ட்டின் மேல் மொத்த அழுத்தத்தையும் போட்டுவிடும். தயவுசெய்து சேம்பருக்குள் உப்புத்தாள் விடாதீர்கள், ஒருமுறை பெரிதாகிவிட்டால் திரும்பச் சின்னதாக்க முடியாது. துடைத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் கருப்புப் புள்ளிக் குழிகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். பழைய ராணுவத் தோட்டாக்களின் அடியில் பற்றவைக்கும் பிரைமர் உப்பை விட்டுப்போகும், சுட்டவர் வெந்நீர் விட்டுக் கழுவாமல் வைத்திருந்தால் அரித்திருக்கும். அப்படிக் குழி இருந்தால் எந்த மெருகும் காப்பாற்றாது, விற்றவரிடம் பேசுங்கள்.

இதெல்லாம் செய்தும் போல்ட் முன்னும் பின்னும் கரகரவென்று போனால்தான் மெருகு வேலை. 1942-43-இல் போர் அவசரத்தில் செய்தவற்றில் கருவிக் கோடுகள் அப்படியே இருக்கும். போல்ட்டின் மேல் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, இருபது முறை இழுத்துவிட்டு, எங்கே மை அழிந்திருக்கிறதோ அங்கே மட்டும் கை வையுங்கள். போல்ட் உடம்பு, அதைத் தாங்கும் உறையான ரிசீவரில் அது ஓடும் தடம், சுத்தியைப் பின்னுக்குத் தள்ளும் சாய்ந்த கேம் பரப்பு, இவ்வளவுதான். எண்ணெயில் நனைத்த 600, அப்புறம் 1000, அப்புறம் 2000 உப்புத்தாள், கடைசியில் உலோகப் பாலிஷ். கையால்தான். ட்ரெமெல் என்ற வேகமாகச் சுழலும் கருவியைக் கையில் எடுத்தால் பத்து விநாடியில் பள்ளம் விழுந்துவிடும்.

தொடவே கூடாத இரண்டு இடங்கள் உண்டு. போல்ட்டின் பூட்டும் காதுகளின் பின்முகம் ஒன்று: வெடிப்பின் முழு அழுத்தமும் அங்கேதான் தாங்குகிறது, அங்கே தேய்த்தால் ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளி, கூடும், கூடு கிழிந்து சூடான வாயு உங்கள் முகத்துக்கு வரும். சுத்தியும் அதைப் பிடித்து நிறுத்தும் டிரிக்கர் கொக்கியும் சந்திக்கும் முனை இன்னொன்று, அதை மழுக்கினால் போல்ட்டை மூடும் அதிர்ச்சியிலேயே வெடித்துவிடலாம். யார் எந்த வீடியோவில் செய்து காட்டினாலும் இந்த இரண்டிலும் கை வைக்காதீர்கள்.

போல்ட்டைப் பிரித்தால், திரும்பச் சேர்க்கும்போது ஃபயரிங் பின் எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ரைஃபிளோடு வந்த தட்டைக் கருவியில் 75, 95 என்று இரண்டு வெட்டுகள் இருக்கும். ஃபயரிங் பின் 75-இல் இடிக்க வேண்டும், 95-இல் இடிக்காமல் போக வேண்டும். குறைந்தால் வெடிக்காது, கூடினால் பிரைமர் ஓட்டையாகும்.

பணக் கணக்கிலும் ஒன்று சொல்ல வேண்டும். போல்ட்டிலும் பேரலின் பின்பகுதியிலும் ஒரே எண் இருந்தால், அல்லது கட்டத்துக்குள் எஸ்ஏ என்ற ஃபின்லாந்து ராணுவ முத்திரை இருந்தால், எதையும் தேய்க்காதீர்கள், சேகரிப்பாளர்கள் அதற்குத்தான் கூடுதல் விலை தருகிறார்கள். 2010 வாக்கில் நூறு டாலருக்குள் குவிந்து கிடந்த ரைஃபிள் இது. அதனால்தான் அப்போது ஆளாளுக்கு அரம் போட்டார்கள், இப்போது அப்படிச் செய்வது நஷ்டம். கடைக்கே போவதானாலும் 180 டாலர் மெருகு வேண்டாம், ஹெட்ஸ்பேஸை கேஜ் வைத்து அளந்து தர மட்டும் கேளுங்கள், செலவு குறைவு, பழைய ரைஃபிளுக்கு உண்மையில் தேவையும் அதுதான்.

கேள்வி: புது ரைஃபிள், விலை குறைந்த மாடல், போல்ட் கரகரக்கிறது. வால்வு தேய்க்கும் பேஸ்டைப் போட்டு நூறு முறை இழுத்தால் சரியாகும் என்கிறார் நண்பர்.

பதில்: வேண்டாம். அந்தப் பேஸ்ட் நீங்கள் நினைத்த இடத்தில் நிற்காது, பூட்டும் காதுக்கும் போய்த் தேய்க்கும், வாரன்டியும் போகும். கம்பெனி எண்ணெயைத் துடைத்துவிட்டு, காதுகளிலும் கேமிலும் துளி கிரீஸ் வைத்து, டிவி பார்த்துக்கொண்டே காலியாக ஐந்நூறு முறை இழுங்கள். பெரும்பாலும் அதிலேயே படிந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் கம்பெனிக்கே திருப்பி அனுப்புங்கள், அதற்குத்தானே வாரன்டி.

கேள்வி: கோவையில் அப்பாவிடம் லைசென்ஸோடு .315 ரைஃபிள் இருக்கிறது. இதையெல்லாம் அதில் செய்யலாமா?

பதில்: துடைத்து எண்ணெய் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு பழுதுபார்க்கவும் தனி உரிமம் கேட்கிறது, வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குப் போதாது. பழுதுபார்க்கும் உரிமம் உள்ள ஆயுதக் கடைக்கு அப்பாவே எடுத்துப் போகட்டும், ரைஃபிள் எண் போட்ட ரசீதை வாங்காமல் அங்கே விட்டுவிட்டு வர வேண்டாம்.