வண்டியில் போய்க்கொண்டே ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) செயற்கைக்கோள் வரும் நேரத்தைக் கணிப்பது எப்படி?

மார்த்தாண்டத்திலிருந்து கன்னியாகுமரி போகும்போது ஊருக்கு ஊர் கணக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஹாம் வானொலிக் கருவி உள்ள சர்வதேச விண்வெளி நிலையம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. ஓடுகிறது, நம் மாவட்டத்துக்குள் இடம் மாறினால் நேரம் சில நொடிகள்தான் மாறும். மாவட்டம் முழுவதும் ஹாம்கள் இடத்தைக் குறிக்கும் வரைபடக் கட்டங்களில் எம்ஜே88 என்ற ஒரே கட்டத்துக்குள் வருகிறது.

முக்கியம் சுற்றுப்பாதைத் தரவு. நிலையத்தின் பாதையை அவ்வப்போது உயர்த்துவதால் பழைய தரவு நேரத்தைத் தவறாகக் காட்டும். கிளம்புமுன் ஜிபிரெடிக்ட் (Gpredict) என்ற கணிப்பு மென்பொருளில் புதுப்பித்துவிடுங்கள்.

அப்புறம் அடிவானம். ஆரல்வாய்மொழியில் மலை மறைக்கும். அங்கே நிலையம் வானில் உயரமாகக் கடந்துபோகும் வேளைகளையே நம்புங்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் தெற்கே தாழ்வாகப் போவதும் கேட்கும், அருமையான இடம்! நிலையத்திலிருந்து நாம் கேட்கும் 437.800 மெகாஹெர்ட்ஸில் டாப்ளர் விலகல் (நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை நகர்வது) சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் வரை வரும்; சற்று மேலே தொடங்கிக் கீழே இறக்குங்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டே பேசுங்கள்.